ஸ்டெப்னி இல்லையாம்... அப்ப வெலயில கொறச்சானா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. அசைன்மெண்ட், பார்ட் டைம் வேலை, வீட்டுல சமையல் முறைன்னு ஆணிக்கு மேல ஆணி. எல்லாத்தையும் புடுங்கிட்டு நிதானமா வந்து எழுதலாம்னு இருந்தா, நிஜமாவே ஒரு ஆணி வந்து கார் டயர்ல ஏறிடுச்சு. அதைப் புடுங்கப் போய் நான் நொந்து நூலான கதைதான் இன்னைக்கு. கதைக்குப் பின்னால கொஞ்சம் புலம்பலும் உண்டு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம், நாளைக்கு வாங்கும்போது உதவும்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. நான் படிக்கிறது வேல்ஸ்ல இருக்கிற ஸ்வான்ஸீ. பார்ட் டைம் வேலை பக்கத்து ஊர் லனெத்லியில, ஒரு முதியோர் இல்லத்துல. (அந்த ஊர்ப் பேரைச் சரியா சொல்ல, நாக்கை மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் காத்தை ஊதணும். பதிலுக்கு நான் அவங்களுக்கு 'ழ' சொல்லிக் கொடுத்துப் பழி தீர்த்துக்கிட்டேன்.) ரெண்டு ஊருக்கும் நடுவுல 11 மைல், அதாவது 18 கி.மீ. ஷிப்ட் முடியறது ராத்திரி 10 மணிக்கு. அதுக்கப்புறம் பஸ்ஸை நம்பினா பஸ் ஸ்டாப்புலதான் தூங்கணும். அதனால நானும் ரூம்மேட்டும் பாதிப் பாதி போட்டு 2,600 பவுண்டுக்கு 2013 மாடல் ஜெர்மன் கார் ஒண்ணு வாங்கினோம். கம்பெனி பேர் வேணாம். ரெண்டு மதுரைப் பக்கத்துக் கையும் ஒரு தென்காசிக் கையும் மாறி மாறி தடவிப் பார்த்து, "மச்சி, பாடி சும்மா கிண்ணுன்னு இருக்குடா"ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்து வாங்கின வண்டி. டயரை மட்டும் ஒருத்தனும் குனிஞ்சு படிக்கல.

2025 நவம்பர். சனிக்கிழமை ராத்திரி, நல்ல மழை. லக்கர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மீட்டர்ல மஞ்சளா ஒரு விளக்கு: குதிரை லாடத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட மாதிரி. வண்டி ஓரமாப் போகல, இழுக்கல, சத்தமும் பெருசா இல்ல. ஒரு இடத்துல நிறுத்தி இறங்கிப் பார்த்தா நாலு டயரும் ஒரே மாதிரி நிக்குது. சென்சார் கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு மெதுவா ஓட்டி வீடு வந்து சேர்ந்துட்டேன். காலையில காத்து அளந்து பார்த்தா, பின்பக்கம் இடது டயர்ல காத்து பூஜ்யம். நடுவுல ஒரு ஸ்க்ரூ ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு.

காத்தே இல்லாம வண்டி எப்படி வந்துச்சுன்னு தேடினப்பதான் தெரிஞ்சது, இது ரன்-ஃப்ளாட் டயர். சாதாரண டயர்ல வண்டியைத் தாங்கறது உள்ள இருக்கிற காத்து. ரன்-ஃப்ளாட்ல பக்கச் சுவருக்குள்ள கெட்டியான ரப்பரை வச்சு பலப்படுத்தியிருப்பாங்க. காத்து முழுசா போனாலும் அந்தச் சுவரே கொஞ்ச தூரம் வண்டியைத் தாங்கும். பொதுவா கம்பெனிகள் சொல்ற கணக்கு: 80 கி.மீ வேகத்தைத் தாண்டாம 80 கி.மீ தூரம். சுவர் தொங்காததால கண்ணால பார்த்து பஞ்சர்னு கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் காத்து குறைஞ்சா விளக்கு எரியற ஏற்பாடும் கூடவே வேணும்.

அந்த நிமிஷம் உண்மையிலேயே புல்லரிச்சுப் போச்சு. கொட்டற மழையில ஜாக்கி போட்டு நனையாம வீட்டுக்கு வந்திருக்கேன். ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்யான்னு ரூம்மேட் கிட்ட லெக்சர் வேற கொடுத்தேன். அந்தப் பெருமை திங்கக்கிழமை காலை பத்தரை வரைக்கும்தான் நீடிச்சது.

டயர் கடைக்காரர் முதல்ல கேட்ட கேள்வி: "காத்து போனப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டினே?" நான் அரிச்சந்திரன் பேரன் மாதிரி, "பத்து மைல் இருக்கும்." அவர் டயரைக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சுக் காட்டினார். உள்சுவர் முழுக்க அரைச்ச மிளகுத் தூள் மாதிரி கறுப்புப் பொடி. காத்து இல்லாம உருளும்போது சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, ரப்பர் தன்னைத்தானே தின்னுடுமாம். பொய் சொல்லியிருந்தாலும் அந்தப் பொடி காட்டிக் கொடுத்திருக்கும். "இதை ரிப்பேர் பண்ண முடியாதுப்பா, மாத்தணும்."

இங்கதான் முதல் பல்பு. ஸ்க்ரூ ஏறின இடம் டயரின் நட்ட நடுவு. பிரிட்டனில் பஞ்சர் ஒட்ட ஒரு தர விதி இருக்கு, பி.எஸ். ஏ.யூ. 159ன்னு பேர். ஓட்டை ட்ரெட் பகுதியின் நடு முக்கால் பாகத்துக்குள்ள இருக்கணும். என் ஓட்டை அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு. சாதாரண டயரா இருந்து, விளக்கு எரிஞ்ச உடனே நிறுத்தி ஸ்டெப்னி மாத்தியிருந்தா 25 பவுண்டுல ஒட்டி அனுப்பியிருப்பார். தென்காசியில நம்ம பஞ்சர் கடை அண்ணாச்சியா இருந்தா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். சில கம்பெனிகள் நிபந்தனையோட ஒரு தடவை ரன்-ஃப்ளாட்டை ஒட்ட அனுமதிக்கிறாங்க, சிலர் கூடவே கூடாதுங்கறாங்க. ஆனா காத்து இல்லாம ஓட்டின டயரைத் தொட நிறைய கடைக்காரங்க தயங்கறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நாளைக்கு 70 மைல் வேகத்துல வெடிச்சா யார் பதில் சொல்றது?

யோசிச்சுப் பாருங்க. இந்த டயரோட ஒரே சிறப்பு, காத்து இல்லாம ஓடும்ங்கறது. அப்படி ஒரு தடவை ஓடினா அதோட ஆயுசு முடிஞ்சுது. தீப்பெட்டிக் குச்சி மாதிரி, பத்திச்சா சரி, ஆனா ஒரு தடவைதான்.

ரெண்டாவது பல்பு விலை. அதே அளவுல சுமாரான நல்ல சாதாரண டயர், மாட்டுக்கூலியோட 82 பவுண்டு. ரன்-ஃப்ளாட் 168. கடையில ஸ்டாக் கிடையாது, ரெண்டு நாள் ஆகும். கெட்டிச் சுவரா இருக்கிறதால மாட்டவும் கழட்டவும் கூடுதல் கை வச்ச மிஷின் வேணும், எல்லாக் கடையிலயும் அது இருக்காது.

மூணாவது பல்பு, வலது பக்க டயர். அதுல 2 மி.மீ தான் மிச்சம், சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழ போகக் கூடாது. பின் சக்கரம் இழுக்கிற வண்டிங்கறதால ஜோடியா மாத்தறதுதான் நல்லதுன்னார். ஒரே அச்சுல ஒண்ணு ரன்-ஃப்ளாட், ஒண்ணு சாதாரணம்னு கலக்கவும் கூடாது. ஆக மொத்தம் 336 பவுண்டு.

ரூபாயில பெருக்கிப் பார்க்கிற வியாதியை நான் எப்பவோ விட்டுட்டேன் (பொய்). இப்ப மணிக்கணக்குலதான் பெருக்கறேன். 2025 நவம்பர்ல இங்க குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டா இருந்துச்சு. எங்க விசாவுல படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 336ஐ 12.21ஆல வகுத்தா 27½ மணி நேரம். அதாவது ஒண்ணரை இஞ்சு ஸ்க்ரூ ஒண்ணு, சட்டம் எனக்கு அனுமதிச்ச ஒரு வார உழைப்பை முழுசா முழுங்கிட்டு, அடுத்த வாரத்துலயும் ஒரு ஷிப்டைக் கடிச்சுடுச்சு. அந்த 27½ மணி நேரத்துல எத்தனை படுக்கை மாத்தியிருப்பேன், எத்தனை தாத்தா பாட்டிக்கு ஊட்டி விட்டிருப்பேன்னு அந்த ராத்திரி கணக்குப் போட்டுக்கிட்டே படுத்திருந்தேன். தூக்கம் வரல.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பா 20 வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினவர். குற்றாலம் சீசன்ல வண்டி நிக்கவே நிக்காது. எவ்வளவு அவசரமா இருந்தாலும் பங்க்ல நாலு டயருக்கும் காத்துப் பிடிச்சுட்டு, டிக்கியைத் திறந்து அஞ்சாவதுக்கும் பிடிப்பார். "ஸ்டெப்னியில காத்து இல்லாட்டி அது ஸ்டெப்னி இல்ல, சுமை"ம்பார்.

"ஏல, ஸ்டெப்னிய மாட்ட வேண்டியதுதான?"

"இந்த வண்டியில ஸ்டெப்னியே கிடையாதுப்பா."

"வித்தவன் உருவிட்டானா?"

"இல்லப்பா, கம்பெனியிலயே கொடுக்கல. அதுக்குப் பதிலா இந்த டயர்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டார்: "அப்ப வெலயில கொறச்சானா?"

நான் எம்.எஸ்சி படிக்கிறேன், அவர் எட்டாவது. இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோணல? அன்னையில இருந்து இதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.

ஸ்டெப்னியை எடுத்ததால யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு பார்ப்போம். கார் கம்பெனிக்கு ஒரு சக்கரம், ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர் மிச்சம். டிக்கியில குழி தோண்ட வேண்டாம், அந்த இடத்துல பேட்டரியோ வேற எதுவோ வைக்கலாம். புதுசா வாங்கினவருக்குப் பெரிய டிக்கி, பஞ்சரானா நடுரோட்டுல கை அழுக்காகாத நிம்மதி. பிரிட்டனில் பதிவாகிற புதுக் கார்கள்ல பாதிக்கு மேல கம்பெனி, லீஸ் கணக்குல வர்றவை. முதல் மூணு வருஷம் பல பேருக்கு டயர் பில் சொந்தப் பாக்கெட்டுல இருந்து போறதே இல்ல. அப்புறம் வண்டி கை மாறும், இன்னொரு தடவை மாறும். நாலாவது கையா நம்மள மாதிரி ஒருத்தன் 2,600 பவுண்டுக்கு வாங்குவான். வண்டியோட விலை வருஷா வருஷம் இறங்கும். டயரோட விலை இறங்காது. 2,600 பவுண்டு வண்டிக்கு நாலு டயர் 672 பவுண்டு, வண்டி விலையில கால்வாசி! சுகம் முதல் ஆளுக்கு, பில்லு கடைசி ஆளுக்கு. ரன்-ஃப்ளாட் பத்தி எனக்கு இருக்கிற முக்கியமான குறை இதுதான். மத்ததெல்லாம் சில்லறைக் குறை: சுவர் கெட்டியா இருக்கிறதால ஒவ்வொரு குழியும் முதுகெலும்புல பதிவாகும், டயர் கனம் அதிகம், சத்தமும் கொஞ்சம் கூட.

அமெரிக்காவுல இருக்கிற நம்ம மக்கள்ல சிலருக்கு இந்த அனுபவம் முன்னாடியே உண்டு. 2005 மாடல் ஹோண்டா ஒடிஸி டூரிங் வேன்ல மிஷெலினோட 'பாக்ஸ்'ங்கற ரன்-ஃப்ளாட் ஏற்பாடு வந்தது. இதுல சுவருக்குப் பதிலா டயருக்குள்ள ஒரு வளையம் தாங்கும். அதுக்குன்னு தனி வீல், தனி மிஷின். மாத்த இடமும் கிடைக்காம, விலையும் தாங்காம ஜனங்க கோர்ட்டுக்கே போனாங்க. அப்புறம் மிஷெலின் அந்த ஏற்பாட்டை மேற்கொண்டு வளர்க்கப் போறதில்லைன்னு அறிவிச்சுது. ரன்-ஃப்ளாட்டோட உண்மையான விலை தெரியறது ஷோரூம்ல இல்ல, முதல் தடவை டயர் மாத்தும்போதுதான்.

"சரிப்பா, ரன்-ஃப்ளாட் வேணாம், ஸ்டெப்னியோட வண்டி வாங்கிக்கோ"ன்னு சொல்றீங்களா? அது இன்னும் கஷ்டம். ஆர்.ஏ.சி 2024ல வெளியிட்ட கணக்குப்படி, இங்க விற்பனையில இருந்த 313 புதுக் கார் மாடல்கள்ல ஸ்டெப்னியைச் சேர்த்தே தர்றது வெறும் 8. பல வண்டியில ஒரு பாட்டில் பசையும் ஒரு குட்டி பம்பும்தான் தர்றாங்க. அந்தப் பசை சின்ன ஓட்டைக்குத்தான் உதவும், பக்கச் சுவர் கிழிஞ்சா கையை விரிச்சுடும். பசை ஊத்தின டயரை ஒட்டித் தரவும் நிறைய கடையில யோசிக்கிறாங்க. பாட்டிலுக்குக் காலாவதித் தேதி வேற. நம்ம ஊரும் அந்த வழியிலதான் போகுது: டியூப்லெஸ் டயர், ரிப்பேர் கிட், காத்தைக் கண்காணிக்கிற ஏற்பாடு மூணும் இருந்தா சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு இந்தியாவுல 2020 ஜூலையிலயே விதியைத் திருத்திட்டாங்க.

இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? டயர் சோகத்தை வேலை செய்யற இடத்துல ஒரு தாத்தாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். பழக்க தோஷத்துல வாயில 'ஸ்டெப்னி'ன்னே வந்துடுச்சு. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். "அந்த வார்த்தை உனக்கு எப்படித் தெரியும்?" "எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்." அவர் ஜன்னல் பக்கம் கை காட்டிச் சிரிச்சார். லனெத்லி டவுன்ல ஸ்டெப்னி தெருன்னே ஒரு தெரு இருக்கு. பழைய காலத்துக் கார்கள்ல உபரிச் சக்கரம்னு ஒண்ணு கிடையாது, நடுவழியில பஞ்சரானா அங்கயே உட்கார்ந்து ஒட்டணும். 1904ல அந்தத் தெருவுலதான் தாமஸ் மோரிஸ் டேவிஸுங்கறவர், பஞ்சரான சக்கரத்தோட சேர்த்து மாட்டற மாதிரி காத்தடிச்ச டயரோட ஒரு வளையம் செஞ்சு வித்தார். தெருப் பேரே பொருளுக்கும் பேராச்சு. இங்க அந்த வார்த்தை செத்துப் போச்சு, தென்காசி டாக்ஸி ஸ்டாண்டுல இன்னும் உசுரோட இருக்கு. உலகத்துக்கு ஸ்டெப்னி கொடுத்த ஊர்ல வேலை பார்த்துட்டு, ஸ்டெப்னி இல்லாத வண்டியில பஞ்சராகி நிக்கற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? :-)

ரன்-ஃப்ளாட்டே குப்பைன்னு எழுதி முடிச்சுடலாம்னுதான் நினைச்சேன். ஆனா எங்க இல்லத்துல சீனியரா இருக்கிற நாகர்கோவில் அக்கா ஒரே போடா போட்டாங்க. அவங்க வண்டியிலயும் ரன்-ஃப்ளாட்தான், விலை தெரிஞ்சே வச்சிருக்காங்க.

"தம்பி, நீ ஆம்பளப் பய. ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்டோரம் ஒத்தையில நின்னாலும் ஒனக்கு மழை மட்டும்தான் பயம். நான் தினம் எம்4ல போறேன். அங்க லாரி போற வேகத்துக்கு நான் வண்டிய விட்டு எறங்குவேன்னு நெனைக்கியா? 168 பவுண்டு போனா போட்டும் மக்ளே, நான் வீடு போய்ச் சேரணும்லா."

பதில் பேச முடியல. மோட்டார்வேல நீயா சக்கரம் மாத்தாதேன்னுதான் இங்க சாலை விதிப் புத்தகமே சொல்லுது. அந்த இடத்துல ஸ்டெப்னி இருந்தும் புண்ணியமில்ல. அக்காவுக்கு அது டயர் இல்ல, துணை. அவங்க முடிவு அவங்களுக்குச் சரி.

என் வழி வேற. நான் போறது ஏ484, நிறுத்த இடம் உண்டு. ஜாக்கி போடறது அப்பா கிட்ட பத்து வயசுலயே கத்துக்கிட்ட வித்தை. அதனால நானும் ரூம்மேட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டு நாலு சாதாரண டயரா மாத்திட்டோம், 328 பவுண்டு. காயலான் கடையில அதே போல்ட் அளவுக்கு ஒரு ஒல்லி ஸ்டெப்னி, ஜாக்கியோட 55. மொத்தம் 383. ரன்-ஃப்ளாட் ஜோடியை விட இப்போதைக்கு 47 பவுண்டு அதிகம்தான். ஆனா அடுத்த ஸ்க்ரூவுக்கு 25ல முடியும். இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் சொல்லிட்டோம், சொல்லாம மாத்தினா பின்னால வம்பு. டிக்கியில குழி இல்லாததால ஸ்டெப்னி நட்ட நடுவுல பெல்ட் போட்டுப் படுத்திருக்கு, 10 கிலோ அரிசி மூட்டை பின் சீட்டுக்கு வந்துடுச்சு. வண்டி முன்னை விட மெத்துன்னு போகுதுன்னு ரூம்மேட் சொல்றான். செலவழிச்ச காசுக்கு அப்படித் தோணுதோ என்னமோ!

ஆக அக்காவும் சரி, நானும் சரி. சரியில்லாதது என்னன்னா, எங்க ரெண்டு பேருக்கும் பதிலா வேற யாரோ எப்பவோ முடிவு பண்ணி, அதைச் சொல்லாமலே கை மாத்தி விட்டதுதான். ரன்-ஃப்ளாட் வேணும்ங்கறவங்களுக்குக் கொடுங்க, காசு வாங்கிக்கோங்க. ஆனா டிக்கியில ஸ்டெப்னி வைக்கக் குழியை விட்டு வைங்க. பழைய கார் விக்கிறவங்க மைலேஜ் எழுதற பலகையிலேயே "ரன்-ஃப்ளாட், ஸ்டெப்னி இல்லை"ன்னு ஒரு வரி எழுதுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

அதுவரைக்கும், பழைய கார் வாங்கப் போற மாணவ மாணவியருக்கு என் 27½ மணி நேரத்துல கிடைச்ச ஞானம்:

1. டயர் பக்கச் சுவரைக் குனிஞ்சு படிங்க. ஆர்.எஃப்.டி, ஆர்.ஓ.எஃப், எஸ்.எஸ்.ஆர், இசட்.பி, இதுல ஏதாவது எழுதியிருந்தா அது ரன்-ஃப்ளாட். கம்பெனிக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க.

2. டிக்கித் தரையைத் தூக்கிப் பாருங்க. ஸ்டெப்னியா, பசை பாட்டிலா, வெறும் அட்டையான்னு காசு கொடுக்கிறதுக்கு முன்னாடியே தெரியணும்.

3. அந்த அளவு டயர் நாலுக்கு என்ன விலைன்னு கடையில கேட்டு, அதை வண்டி விலையோட கூட்டிக்கிட்டுப் பேரம் பேசுங்க.

4. அந்த மஞ்சள் விளக்கு எரிஞ்சா என்னை மாதிரி சென்சார் கோளாறுன்னு நினைக்காதீங்க. பத்திரமான இடமா இருந்தா நிறுத்திக் காத்து அடிங்க. மெதுவாக் கசியற பஞ்சரா இருந்தா டயர் தப்பிக்கும்.

5. நாலும் தெரிஞ்சப்புறம் எங்க அப்பா கேட்ட கேள்வியைக் கேளுங்க.

நேத்து அப்பா வீடியோ கால்ல வந்தார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டினேன். ஒல்லியா இருக்கிறதைப் பார்த்து, "என்னல, சைக்கிள் டயர வாங்கி வச்சிருக்க?"ன்னார். இதுல 50 மைலுக்கு மேல ஓட்டக் கூடாதுப்பா, வீடு வந்து சேர்றதுக்கு மட்டும்னு விளக்கினேன். தலையை ஆட்டிட்டு அடுத்த கேள்வி: "காத்து பிடிச்சியா?"

பிடிக்கல. போன் வச்சதும் போய்ப் பிடிச்சுட்டு வந்துட்டேன்.

வர்ட்டா?